பொறிக்கு எழுத்தறிவித்த அம்மையார்

கிறேஸ் ஹொப்பர் என்னும் அமெரிக்க அம்மையார் 1992ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி, தமது 85ஆவது வயதில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார். கணித ஆசிரியையாக வாழ்வைத் தொடங்கிக் கடற்படையில் றியர் அட்மிரல் என்னும் உயர் பதவியோடு ஓய்வு பெற்றவர் அவர். அவ்விரண்டிற்கும் இடையில், எண்ணைத் தவிர வேறொன்றையும் அறியாதிருந்த கணினிப் பொறி மக்கள் எழுதும் சொற்களையும் ஏற்றுத் தொழில் செய்வதற்கு வழிவகுத்தார். இத்தகையவரின் வரலாற்றைக் கணிதம் வல்லார் எழுதுவதே முறை. பதுளையிலே இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துத் தலை நரைத்த பண்டிதன் ஒருவன் ஏன் எழுதப் புகுந்தான் என்று வாசகர் நினைத்தல் இயல்பே. அம்மையார் செய்த வேலை பாதி கணிதம், பாதி இலக்கணம். அந்தப் பிற்பாதியைப் பற்றிக் கணிதம் வல்லார் அதிகம் பேசுவதில்லை என்னும் குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

(கணனி என்று நம் நாட்டிலே பலர் எழுதுகின்றனர். கணி என்னும் பகுதியிலிருந்து பிறந்த சொல் ஆதலின் கணினி என்பதே எனக்கு உவப்பானது, அவ்வாறே எழுதுகிறேன்.)

அம்மையார் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி நியூயோர்க் நகரிலே பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கிறேஸ் புறூஸ்டர் மறே. தந்தையார் காப்புறுதித் தொழில் செய்தவர். தாயாருக்குக் கணிதத்திலே தீராத ஆசை. ஆயினும் பெண்மக்களுக்குக் கணிதம் எதற்கு என்னும் எண்ணம் அந்நாளிலே அந்நாட்டிலும் வேரூன்றியிருந்தது. கேத்திரகணிதம் மட்டும் படிப்பதற்கு அவருக்குத் தனி ஏற்பாடு செய்து கொடுத்தார்களாம். அட்சரகணிதமும் திரிகோணகணிதமும் கிட்டவில்லை. தாய்க்கு அடைபட்ட வழி மகளுக்குத் திறந்தது.

குழந்தைப் பருவத்து நிகழ்ச்சி ஒன்றை அவர் வரலாறு எழுதுவோர் யாவரும் தவறாது குறிப்பிடுவர். ஏழு வயதில், நியூ ஹாம்ப்ஷயரில் இருந்த கோடைக்கால இல்லத்திலே, அறைதோறும் இருந்த அலாரக் கடிகாரங்களில் ஒன்றை எடுத்து அது எவ்வாறு ஓடுகின்றது என்று பார்க்கக் கழற்றினார். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. முன்பு எப்படி இருந்தது என்று பார்ப்பதற்காக இரண்டாவதைக் கழற்றினார். பின்னர் மூன்றாவது. இவ்வாறு வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் துண்டு துண்டாய்க் கிடந்த பின்னரே தாயாருக்குச் செய்தி தெரிந்தது. தாயார் அடிக்கவில்லை; இனிமேல் ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளுமாறு மட்டும் கட்டளையிட்டார். நம் வீடுகளில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்க.

தந்தையார் இரத்தக்குழாய் நோயினால் கால்களை இழந்தவர். தம்மால் பெருஞ்செல்வம் வைத்துவிட்டுப் போக இயலாது என்று எண்ணிய அவர், மகனைப் போலவே மகளிர் இருவரும் உயர்கல்வி பெற்றுத் தம் உழைப்பில் வாழத் தகுதியுறவேண்டும் என்று விரும்பினார். மூத்தவராகிய கிறேஸ், வாசர் கல்லூரி நுழைவுத் தேர்விலே இலத்தீன் பாடத்தில் தவறி, ஓராண்டு காத்திருந்து 1924இல் உட்புகுந்தார். கணிதமும் பௌதிகமும் பயின்று 1928இல் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்திலே 1930இல் முதுமாணிப் பட்டமும் 1934இல் கணிதத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 1930இல் வின்சன்ற் ஹொப்பர் என்பவரை மணந்தார். அவ்விணைப்பு 1945இல் மணவிலக்கில் முடிந்தது, பிள்ளைகள் இல்லை. கணவரின் பெயரை மட்டும் இறுதிவரை வைத்திருந்தார்.

1931 முதல் தாம் கற்ற வாசர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்தார். இவ்விடத்தில் சற்று நின்று செல்ல விரும்புகிறேன். நிகழ்தகவு வகுப்பின் தொடக்கத்தில் மாணவியருக்கு ஒரு கணிதச் சூத்திரத்தைக் கொடுத்து, அதனைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வாராம். எழுதி வந்தவற்றில் மொழிப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுப்பாராம். இது கணித வகுப்பா, ஆங்கில வகுப்பா என்று மாணவியர் முணுமுணுத்தனர். தாம் அறிந்த கணிதத்தைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைக்க முடியாதவர்க்கு அக்கணிதத்தால் பயனில்லை என்று அவர் விடை பகர்ந்தார். பாடசாலைகளில் கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே காலங் கழிப்பதைக் கண்டு வந்தவன் நான். இச்செய்தியை முதன்முதல் படித்த அன்று எங்கள் ஆசிரியர் அறையிலே உரத்துப் படித்துக் காட்டினேன். கணித ஆசிரியர் சிரித்துக்கொண்டே தேநீர் அருந்தப் போய்விட்டார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. அமெரிக்கா 1941 டிசம்பரில் போரில் இறங்கிய பின், அம்மையார் கடற்படையிற் சேர விரும்பினார். வயது கூடுதல், உடல் எடை குறைவு, அத்துடன் கணிதப் பேராசிரியர் என்ற முறையில் கல்லூரியில் இருப்பதே நாட்டுக்குப் பயன் என்றும் தடை கூறினர். எடைக்குறைவுக்கு விலக்குப் பெற்று, கல்லூரியில் விடுப்பும் பெற்று, 1943 டிசம்பரில் கடற்படையின் மகளிர் சேமப் பிரிவிற் சேர்ந்தார். பயிற்சியில் முதலாவதாகத் தேறி 1944 ஜூலையில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஹவார்ட் எய்க்கன் என்பவரின் தலைமையில், மார்க் ஒன்று எனப் பெயரிய கணிப்பொறி நிறுவப்பட்டிருந்தது. அப்பொறி 51 அடி நீளமும் 8 அடி உயரமும் உடையது. ஏறத்தாழ 5 தொன் எடை. ஒரு செக்கனுக்கு மூன்று கூட்டல் செய்யும். இன்று மாணவர் கையிலிருக்கும் மலிவான கணிப்பானோடு ஒப்பிட்டால் அஃது ஆமை. அன்று அதனைக் கண்டவர் வியந்தனர்.

அப்பொறிக்குக் கட்டளையிடுவதற்கு நீண்ட கடதாசி நாடாவில் துளையிட வேண்டும். ஒவ்வொரு துளையும் ஓர் எண். எந்த அறையிலுள்ள தொகையை எடுத்து எந்த அறையில் இடுவது என்பதெல்லாம் எண்களாலேயே கூறப்படும். பீரங்கி அட்டவணைகளும் பிறவும் இவ்வாறு கணிக்கப்பட்டன. 1944இல் யோன் வொன் நொய்மன் என்னும் பேரறிஞர் ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். அஃது எதற்கு என்று அங்கிருந்தவர்க்குக் கூறப்படவில்லை. அடுத்த ஆண்டு நாகசாக்கியில் வீழ்ந்த அணுகுண்டின் வகையைப் பற்றிய கணக்கு அது என்பது பிறகே தெரிந்தது. போர்க்காலத்துக் கல்விக்கு நேரும் இவ்விழுக்கை மறைத்து அம்மையாரைப் புகழ்தல் நேர்மையாகாது.

ஹாவார்ட்டில் அம்மையாரும் உடன் பணியாற்றியோரும் ஒரு வழக்கம் வைத்திருந்தனர். ஒருமுறை சரியாக எழுதிய கட்டளைத் தொடரைத் தத்தம் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வர். வேறொரு கணக்குக்கு அது வேண்டியபோது ஒருவர் ஏட்டிலிருந்து ஒருவர் பார்த்துப் பெயர்த்தெழுதுவர். அவ்வாறு எழுதும்பொழுது இடத்தைக் குறிக்கும் எண்களை எல்லாம் புதிய கணக்குக்கேற்பக் கூட்டி மாற்றவேண்டும். பிழை மலிந்தது. பொறியிலே பிழை இல்லை. பெயர்த்தெழுதிய கையிலே பிழை. இதைப் படிக்குந்தோறும் எனக்குச் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் உ. வே. சாமிநாதையர் அவர்களும் நினைவுக்கு வருவர். ஏட்டுப் பிரதிகளில் எழுதுவோர் கைப்பிழையால் நேர்ந்த பாடபேதங்களோடு அவர்கள் பட்ட பாடு தமிழ் மாணவர் அறிந்தது. மனிதர் பார்த்தெழுதத் திறமையற்றவர் என்னும் உண்மையை அவர்கள் சுவடிகளிலும், அம்மையார் கடதாசி நாடாவிலும் கண்டனர். ஆனால் அம்மையார் அதிலிருந்து ஒரு வினாவுக்குச் சென்றார். பார்த்தெழுதும் வேலையைப் பொறியிடமே ஏன் ஒப்படைத்தல் கூடாது?

விடை கிடைப்பதற்குள் சில ஆண்டுகள் கழிந்தன. அதற்குமுன் ஒரு கட்டுக்கதையைக் களைந்துவிடல் நன்று. கணினியில் நேரும் பிழையைப் பூச்சி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறிக்கும் வழக்கை அம்மையாரே தோற்றுவித்தார் என்று பலர் எழுதுகின்றனர். அச்சொல் அவருக்கு முன்பே பொறியியலாளரிடம் வழங்கியது. 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி மார்க் இரண்டு என்னும் பொறியில் ஓர் அந்துப்பூச்சி சிக்கி அதன் ஓட்டம் தடைப்பட்டது மெய். அதனை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்ததும் மெய். கண்டெடுத்தவர் அம்மையார் அல்லர். அவர் அக்கதையைச் சுவைபடக் கூறிக் கூறிப் பரப்பினார். சொல்லுக்குரியவர் யார் என்பதில் பண்டிதருக்குக் கண்டிப்பு வேண்டும்.

போர் முடிந்தபின் கடற்படையின் நிலையான பணிக்கு வயது மிகுதி என்று ஏற்க மறுத்தனர். வாசர் கல்லூரி பேராசிரியர் பதவியோடு அழைத்தது, அவர் செல்லவில்லை. ஹாவார்ட்டிலே ஆய்வாளராகச் சில காலம் இருந்தார். பெண்ணொருவருக்கு அங்கு நிலையான இடம் கிடைக்கும் நாள் அப்போது வந்திருக்கவில்லை. 1940களின் இறுதியில் மதுப்பழக்கம் அவரைப் பற்றியது. நண்பர்கள் மனம் வருந்தி எடுத்துரைக்கும் அளவுக்கு நிலைமை தாழ்ந்தது. அதிலிருந்து மீண்டார் என்பதும் அவர் வாழ்க்கையின் பகுதியே.

1949இல் பிலடெல்பியா நகருக்குச் சென்று, எக்கேர்ட், மோக்லி என்னும் இருவர் நடத்திய கணினி நிறுவனத்திற் சேர்ந்தார். யுனிவக் என்னும் பொறி அங்கேதான் உருவாயிற்று. எட்டை அடியாகக் கொண்ட எண்முறையிலே அங்கு வேலை நடந்தது. அதிலே மூழ்கிய அம்மையாருக்கு மாத இறுதியில் தம் வங்கிக் கணக்குச் சரிவரவில்லை. வங்கியியல் அறிந்த தம்பியார் வந்து பார்த்து, அக்கையார் சிற்சில இடங்களில் எட்டின் முறையில் கழித்திருப்பதைக் கண்டுபிடித்தார். பொறியின் மொழியை மனிதர் கற்பதால் விளையும் கேடு இது என்று அம்மையார் நகைத்தார். நகையோடு ஒரு முடிவுக்கும் வந்தார்.

1951, 1952ஆம் ஆண்டுகளில் அவர் ஆக்கியது ஏ-0 என்னும் பெயருடையது. நன்கு சோதித்த சிறு கட்டளைத் தொடர்களை நாடாவில் நூலகம் போலச் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியெண் கொடுத்தார். கணக்குப் போடுபவர் வேண்டிய குறியெண்களை மட்டும் வரிசையாக எழுதித் தந்தாற் போதும். பொறியே உரிய பகுதிகளைத் தேடி எடுத்து, இட எண்களைத் திருத்தி, ஒன்றாகக் கோத்து, முழு நிரலையும் ஆக்கிவிடும். நூலகத்திலிருந்து பகுதிகளைத் திரட்டுவதாலே அதற்குத் தொகுப்பி என்று பொருள்படும் பெயரையே இட்டார். தமிழிலும் இன்று தொகுப்பி என்றே வழங்குகிறோம். வழிநூல் செய்யும் முறைகளைத் தொல்காப்பியர் மரபியலில் நான்காக வகுத்தார்: தொகுத்தல், விரித்தல், அவ்விரண்டும் சேர்ந்தது, மொழிபெயர்த்தல். ஏ-0 செய்தது முதலாவது வேலை. பின்னாளில் வந்த தொகுப்பிகள் சுருங்கிய சொல்லை நெடிய கட்டளைகளாக விரிப்பதால் இரண்டாவதையும், மனிதச் சொல்லைப் பொறியின் எண்ணாக்குவதால் நான்காவதையும் செய்கின்றன. கணினி அறிவியல் தொல்காப்பியத்திலே உள்ளது என்று கூற வருகிறேனல்லேன். அவ்வாறு கூறித் திரிவாரிடம் எனக்குப் பொறுமையும் இல்லை. ஒரு நூலை இன்னொன்றாக ஆக்கும் வழிகள் மனித அறிவுக்கு எக்காலத்தும் இத்தனையே போலும் என்று வியந்து அப்பாற் செல்கிறேன்.

1952இல் இதுபற்றி அவர் ஒரு கட்டுரை வாசித்தார். கணினியின் கல்வி என்பது அதன் தலைப்பின் பொருள். நம்பினோர் சிலரே. பொறி கணக்குப் போடும், நிரல் எழுதாது என்று பலர் வாதிட்டனர்.

அடுத்து அவர் சென்றது இன்னும் துணிவான வழி. வாணிகக் கணக்கு எழுதுவோர் குறியீடுகளைக் கண்டு அஞ்சுகின்றனர். அவர்களுக்குப் பழகியவை விலை, தொகை, சரக்கு என்னும் சொற்களே. ஆகவே அவர்கள் சொல்லாலேயே நிரல் எழுதட்டும், அதனைப் பொறி தன் எண்ணாக மாற்றிக்கொள்ளட்டும் என்றார். 1955ஆம் ஆண்டளவில் ஒரு சிறு மாதிரியை ஆக்கி நிறுவனத்தின் மேலாளர்க்குக் காட்டினார். ஆங்கிலச் சொற்களால் எழுதிய நிரல் ஓடிற்று. பொறிக்குச் சொல்லும் ஒரு குறியே என்பதை விளக்குவதற்காக அதே நிரலில் ஆங்கிலச் சொல்லை நீக்கிப் பிரெஞ்சுச் சொல்லை இட்டார், ஓடிற்று. ஜேர்மன் சொல்லை இட்டார், அப்போதும் ஓடிற்று. மேலாளர் மகிழ்வர் என்று நினைத்தார். அவர்களோ திடுக்கிட்டனர். பிலடெல்பியாவிலே செய்த அமெரிக்கப் பொறி பிரெஞ்சையும் ஜேர்மனையும் அறிவதாவது! ஏதோ தகாதது நடப்பதாக அவர்களுக்குத் தோன்றியது. பணம் கிடைக்கவேண்டுமே என்பதற்காக, ஆங்கிலம் ஒன்றையன்றி வேறு மொழியைத் தொடமாட்டோம் என்று அம்மையார் உறுதி கூற நேர்ந்தது.

இந்த ஒரு நிகழ்ச்சிக்காகவே நான் எழுதுகோலை எடுத்தேன். பிரெஞ்சும் ஜேர்மனும் ஏறிய இடத்திலே தமிழும் ஏறும், சிங்களமும் ஏறும். பொறிக்கு எம்மொழியிலும் பகையில்லை என்று ஓர் ஆசிரியை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். கதவை மூடியது அறிவியல் அன்று. மேலாளர் அறையிலிருந்த அச்சமே.

கணக்கின் மொழி யாருடையது என்னும் வினா மலைநாட்டவர்க்குப் புதிதன்று. நான் பசறைப் பகுதித் தோட்டம் ஒன்றின் லயத்திலே வளர்ந்தவன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். என் தாயார் கொழுந்து கொய்தவர். விடியற்காலையில் பிரட்டுக்குப் போய் நின்று, மலையேறி, மாலையிலே கொழுந்து நிறுத்து வந்தால், அன்றைக்குப் பேர் விழும்; நிறை குறைந்தால் அரைப்பேர். பேர் என்பது எங்களிடையே ஒரு நாட்கூலி. செக்ரோல் என்னும் பேரேட்டிலே யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. மாத முடிவிற் கிடைக்கும் சம்பளத் துண்டிலும் அவ்வாறே: வேலை நாள், மேலதிகக் கொழுந்துக்குக் கைக்காசு, அரிசிக்கும் தேயிலைக்கும் சேமலாப நிதிக்கும் தீபாவளி முற்பணத்துக்கும் சங்கச் சந்தாவுக்கும் கழிவு. நான் சிறிது ஆங்கிலம் கற்ற பின், எங்கள் லயத்துப் பெண்கள் துண்டுகளை என்னிடமே கொண்டு வருவர். ஒரு மாதம் தாயாருக்கு இரண்டு பேர் குறைந்திருந்தன. அவர் காம்பராச் சுவரிலே நாளுக்கொரு கரிக்கோடு போட்டு வைப்பவர். கோடு இருபத்திரண்டு, துண்டில் இருபது. கந்தோருக்குப் போய்க் கேட்டார். ஏட்டில் உள்ளதே சரி என்றார்கள். ஏட்டைத் திருப்பிக் காட்டவும் செய்தார்கள்; அதிலே தம் பெயர் எது என்று அவரால் அறிய முடியவில்லை. இரண்டு நாட்கூலி போயிற்று.

கணினிகள் பெருமளவில் செய்த முதல் வாணிக வேலைகளுள் ஒன்று இத்தகைய சம்பளப் பேரேடே. கணக்கை எழுதச் சொல்பவரும் சரிபார்ப்பவரும் அதனை வாசித்தறியவேண்டும் என்பது அம்மையாரின் பிடிவாதம். மேலாளரையும் கணக்காளரையுமே அவர் எண்ணினார். கொழுந்துக் கூடை சுமப்பவரை எண்ணினார் என்று நான் ஏற்றிக் கூறமாட்டேன். ஆனால் ஒருமுறை திறந்த வழியிலே யார் யார் நடப்பார் என்பது திறந்தவர் கையில் இல்லை.

அவர் குழுவினர் ஆக்கிய ஆங்கிலச் சொல்மொழி புளோ-மற்றிக் எனப்பட்டது. 1959இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆதரவில், எல்லா நிறுவனத்துப் பொறிகளுக்கும் பொதுவான வாணிக மொழி ஒன்றை அமைக்கக் குழுக் கூடியது. அதன் பயனே கோபோல். அம்மையாரைக் கோபோலின் தாய் என்பர். பாட்டி என்பாரும் உளர். உண்மையில் அதனை எழுத்தெழுத்தாக வரைந்தவர்கள் ஜீன் சமெற் என்னும் அம்மையார் உள்ளிட்ட ஆறு பேர். ஹொப்பர் அம்மையார் ஆலோசகராக இருந்தார். அவருடைய புளோ-மற்றிக் அதற்கு அடித்தளமாயிற்று. 1960 டிசம்பரில் ஒரே கோபோல் நிரல் வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரு பொறிகளில் ஓடிக் காட்டியது. அக்காலத்தில் அஃது அருஞ்செயல். கோபோலின் நீண்ட சொற்றொடர்களை ஏளனஞ் செய்த கல்வியாளர் பலர். ஆயினும் 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்திலே, வேலையிழந்தோர் உதவிப்பணக் கணக்கு இன்னும் அம்மொழியிலே ஓடுவதால், அதை அறிந்தோர் முன்வரவேண்டும் என்று நியூ ஜேர்சி மாநில ஆளுநர் வேண்டிக்கொண்டார்.

1966 இறுதியில், 60 வயதில், கடற்படைச் சேமப் பிரிவிலிருந்து ஓய்வு கொடுத்தனர். ஏழு மாதங் கழித்து, 1967 ஆகஸ்டில், கடற்படையின் நிரல்களை ஒழுங்குபடுத்த ஆளில்லை என்று ஆறு மாதத்துக்கு மீண்டும் அழைத்தனர். அந்த ஆறு மாதம் பத்தொன்பது ஆண்டாயிற்று. 1973இல் கப்டன், 1983இல் கொமடோர், 1985இல் றியர் அட்மிரல். 1986 ஆகஸ்ட் 14ஆம் திகதி பொஸ்ரன் துறைமுகத்திலே கொன்ஸ்ரிற்யூஷன் என்னும் பழங்கப்பலின் தளத்தில் விடைபெற்றபோது வயது 79. பின்னரும் வீட்டில் இருக்கவில்லை. ஒரு கணினி நிறுவனத்தின் ஆலோசகராகி ஊர் ஊராய்ச் சென்று உரையாற்றினார்.

அவ்வுரைகளிலே அவர் காட்டும் கம்பித்துண்டு பெயர்பெற்றது. ஒரு செக்கனை நூறு கோடியாகப் பகுத்தால் ஒரு பங்கு நனோசெக்கன். அதை எவ்வாறு கண்ணாற் காண்பது? ஒளி அந்நேரத்திற் செல்லும் தூரம் 11.8 அங்குலம். அவ்வளவு நீளத்துக்குத் தொலைபேசிக் கம்பியை வெட்டிக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து, கேட்போருக்கு ஆளுக்கொன்று கொடுப்பார். மைக்றோசெக்கனுக்கு 984 அடி நீளச் சுருளைத் தூக்கிக் காட்டுவார். செய்மதி வழியே செய்தி போய்வர ஏன் தாமதம் என்று கேட்கும் படைத்தலைவருக்கும், இங்கிருந்து செய்மதி வரை எத்தனை கம்பித்துண்டு இடவேண்டும் என்று எண்ணிப் பார்க்கச் சொல்வார். வகுப்பறையிற் பழகிய கை அது. பல்கலைக்கழகங்களில் வருகை விரிவுரையாளராகவும் கற்பித்தார். தாம் ஆக்கிய எதனினும் தாம் பயிற்றிய இளைஞரையே பெரிதாக மதித்தார்.

பட்டமும் பரிசும் ஏராளம். 1969இல் தரவு முகாமையாளர் சங்கம் ஒன்று கணினி அறிவியலில் ஆண்டின் சிறந்தவர் என்னும் விருதை முதன்முதலாக வழங்கியது, பெற்றவர் அம்மையார். விருதின் ஆங்கிலப் பெயரில் இருந்ததோ ஆடவன் என்னும் சொல். பால் வழுவமைதிக்கு மாணவர் கேட்கும்போதெல்லாம் இதனை எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு. 1971இல் இளம் ஆய்வாளருக்கென அவர் பெயரால் ஒரு விருது ஏற்பட்டது. 1991இல் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம், மறைவுக்குப் பின் 2016இல் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம். 2017இல் யேல் பல்கலைக்கழகம் அடிமை முறையை ஆதரித்த ஒருவரின் பெயரைத் தன் கல்லூரி ஒன்றிலிருந்து நீக்கி அம்மையார் பெயரை இட்டது. அவருடல் ஆர்லிங்ரன் தேசிய இடுகாட்டில் உள்ளது.

அவர் மறைந்ததற்குச் சில மாதங்களின் முன், 1991இல், யுனிகோட் என்னும் உலகப் பொது எழுத்துக் குறியீட்டின் முதற்பதிப்பு வெளிவந்தது. அதிலே தமிழுக்கும் இடம் இருந்தது. எழில் என்னும் பெயரில் தமிழ்ச் சொற்களாலான நிரல்மொழி ஒன்றும் பின்னர் வந்துள்ளது. 2005இல் பதுளையிலே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டுக் கணினி அறிவியல் அங்கு கற்பிக்கப்படுகிறது. தோட்டப் பிள்ளைகள் எத்தனை பேர் அதன் வாயிலைக் கடக்கின்றனர் என்பது வேறு பேச்சு. சாதாரணதரம் முடிந்ததும் கொழும்புக்குத் தைக்கப் போகும் பெண்பிள்ளைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் நான் நற்சான்று எழுதிக் கொடுக்கிறேன்.

சென்ற தவணை எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, பைதன் என்னும் நிரல்மொழியிலே கொழுந்துக் கணக்கு ஒன்றை எழுதினாள். கட்டளைச் சொற்கள் ஆங்கிலமே. ஆனால் அம்மொழி, தொகைகளுக்கு இடும் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுத இடந்தருகிறது. அவள் பேர், அரைப்பேர், கைக்காசு, சந்தா என்றே பெயரிட்டிருந்தாள். நிரல் ஓட மறுத்தது. கணினி ஆசிரியர் அன்று வரவில்லை. ஐயா ஒருமுறை பாருங்கள் என்று என்னை அழைத்தாள். எனக்கு அப்பொறியின் மொழி தெரியாது. மேலிருந்து கீழாகத் தமிழை மட்டும் வாசித்துக்கொண்டு போனேன். பதினேழாம் வரியில் அறைப்பேர் என்று வல்லின றகரம் விழுந்திருந்தது. திருத்தினாள், ஓடிற்று.